விலாவில் ஒரு வாய்

கெட்டரிங் துறையில் படகின் சரிவுப்பலகையை
ஏற்றி இறக்குகிறவள் மெரின்.
இடக்காது நரம்பில் முளைத்த கட்டியை
ஹோபார்ட்டில் எடுத்தார்கள்.
கட்டியோடு காதும் போயிற்று.
யார் பேசினாலும் தலையைத் திருப்பி
வலக்காதை நீட்டுவாள்,
சோற்றுக்குத் தட்டு நீட்டுவதுபோல.

"கிட்டார் எப்போதும்
எதிரே இருப்பவனுக்குத்தான் பாடுகிறது.
வாசிக்கிற எனக்கு ஓரம் மட்டும்.
இந்தக் காதுக்கு ஒன்று செய்து தா" என்றாள்.
முன்பணமாக நானூறு டாலரும்
ஒரு வாளிச் சிப்பியும் மேசைமேல் வைத்தாள்.

பதினேழு கிட்டார் செய்திருக்கிறேன்.
பதினேழுக்கும் நாபி நடுவில்.
நாபி வேறெங்கே இருக்கும்?

ஆப்பிள் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி
கிட்டார் மாதிரி ஒன்றை அவள் மடியில் வைத்து
வாசிப்பதுபோல் பாவனை செய்யச் சொன்னேன்.
கையைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன்.
வலக்காதுக்கு நேர்க்கீழே
அவளுடைய வலக்கை படுத்திருந்தது,
வாசலுக்குக் குறுக்கே படுத்த நாய்போல.
மிச்சம் இருந்தது இடுப்பு.
மரம் உள்வாங்கி வளைகிற இடம்,
கத்தி படக்கூடாத இடம்.

வெட்டினேன்.

பிளாக்வுட் விலா, இரண்டு மில்லிமீட்டர்.
நனைத்துச் சூட்டுக் குழாய்மேல் அமுக்கினால்
முதலில் தீய்ந்த சர்க்கரை வாசம்,
ஒரு நொடி தாண்டினால் கரி.
முதல் விலா குழாயிலேயே பிளந்தது.
இரண்டாவது சாதுவாக வளைந்தது,
வாய் திறந்த பிறகும்
ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது.
தந்தி ஏற்றிய இரவு, இரண்டு மணிக்கு,
பட்டறையிலிருந்து ஒற்றைச் சத்தம்.
"கூரையில் போஸம்" என்று புரண்டு படுத்தான் டார்ஸி.
எந்தப் போஸமும்
அந்தச் சுருதியில் குதிக்காது.

மூன்றாவதற்கு
தாள்போல் இழைத்த நான்கு தகடுகளை
ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன்.
காத்திருந்தேன்.

முகத்துக்கு, சிக்னெட்டில் இடித்த ஒரு சலவைக்கூடத்தின்
ஜன்னல் மரம். கிங் பில்லி பைன்.
ஆறு துண்டு சேர்த்து ஒரு முகம்;
ஆணி பிடுங்கிய இடத்தில் கறுப்பு மச்சம்.
நாபியில்லாத வயிற்றுக்கு
பழைய சட்டங்கள் செல்லாது.
உள்ளே ஒட்டுகிற சட்டங்களைச் சொல்கிறேன்.
எங்கே எதை ஒட்டுவது என்று
கேட்க ஆளில்லை.

பலகைமேல் தேயிலைத் தூள் தூவினேன்,
அடியில் ஒலிபெருக்கி.
நூற்றெண்பது ஹெர்ட்ஸில்
தூள் எழுந்து நடந்தது,
நடுங்காத இடம் தேடி ஒதுங்கியது.
மற்ற கிட்டார்களில் ஒரு வளையம் வரும்.
இதில் வந்தது மீன்முள்.
ஒரு சட்டத்தைச் சீவினேன்,
மீன் வாலை ஆட்டியது.
இன்னும் கொஞ்சம் சீவினேன்,
வால் போயிற்று.
அதிகமாகச் சீவியதை
மரம் திருப்பித் தராது.
இரண்டு முறை முதலிலிருந்து.
வீட்டில் தேயிலை தீர்ந்து
டார்ஸி காப்பிக்கு மாறினான்.

ஜூலையில் வந்தாள்,
ஆரஞ்சு நிற மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல்.
வெளியே புல்லெல்லாம் வெள்ளை.
எதிரே முக்காலியில் உட்கார்ந்தேன்.
தந்தியைத் தொட்டாள்.

எனக்குக் கேட்டது
அடுத்த வீட்டுக் குளியலறையில்
யாரோ கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பதுபோல.
ஏழு மாதத்துக்கு
என் பங்கு அவ்வளவுதான்.

அவள் தலை திரும்பவில்லை.
தட்டு நீட்டவில்லை.
கன்னத்தில் மட்டும்
இடுப்பிலிருந்து வந்த காற்று
ஒரு முடியை அசைத்ததுபோல் இருந்தது;
நான் அப்படி நினைத்திருக்கலாம்.

ஏழாம் மெட்டில், ஐந்தாம் தந்தியில்
ஒரு கரகரப்பு இருந்தது.
எழுந்து பக்கத்தில் போய்
"குதிரையைக் கொஞ்சம் உயர்த்தட்டுமா?" என்றேன்.

வாசித்துக்கொண்டே இருந்தாள்.

இடப்பக்கம் நின்று கேட்டிருக்கிறேன்.